பரணைக் கழுவியவன்

என் அண்ணன் குஸ்மாவைப் பார்த்துப் பயப்படாதவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டே பேர். ஒன்று நான், அவன் தங்கை லுஷா. இன்னொருவன் கோல்யா. கோல்யாவுக்கு ஏன் பயமில்லை என்றால், என் அண்ணன் ஒரு மனிதனுக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியத்தை அவன் இருபத்தைந்து வயதிலேயே வாங்கி முடித்துவிட்டான்.

அது 1979 அக்டோபர். அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்வெட்லோவா பிரார்த்தனைக் கூடத்தின் வாசலுக்கு வந்திருந்தோம். கடல் தாண்டி வந்து இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறிய எங்கள் துகபோர் ஜனம் ஆயுதம் தொடாது, இறைச்சி தின்னாது. கூடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் இடுப்பு வரை குனிந்து வணங்குவோம், எதிரே நிற்பவருக்குள் கடவுள் இருக்கிறார் என்று. அப்பா பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் ராணுவத்தில் சேர்ந்தவர். இரண்டு வருஷம் போரில் இருந்துவிட்டு வந்தார், கல்யாணம் செய்தார், பிளம் மரங்கள் வைத்தார். முப்பது வருஷம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செத்த பிறகு கேட்டார்கள். பாடகர் குழுவின் முதல் குரல் கோல்யா. வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"துப்பாக்கி புடிச்ச கைக்கு இங்க பாட்டு கெடையாது. வீட்லயே பாடிக்கிட்டுப் பொதைங்க."

குஸ்மாவுக்கு அப்போது இருபத்து மூன்று. பெட்டியில் தன் மூலையை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தான். அந்த நிதானம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அடித்தான். முதல் அடியிலேயே கோல்யாவின் தாடை இரண்டு இடத்தில் முறிந்தது, மூன்று பற்கள் வாசற்படியில் விழுந்தன. அதற்கப்புறம் விழுந்த அடிகளை நான் எண்ணவில்லை, ஆட்கள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட பாடகர்கள் மேலெல்லாம் ரத்தம்.

நீதிபதி பதினான்கு மாதம் கொடுத்தார். கூடம் ஆயுளுக்கும் கொடுத்தது. வாசற்படி மிதிக்காதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவனைப் பார்த்து ஒருவரும் குனியவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆட்களில் குனியாமல் நிற்பது கதவைச் சாத்துவதைவிடப் பெரிய காரியம்.

சிறையிலிருந்து வந்தவனை மரவாடியில் வேலைக்குச் சேர்க்கவில்லை. ஒரு பழைய பிக்கப் வண்டி, ஒரு மருந்தடிக்கும் பம்ப், நீண்ட ஏணி ஒன்று வாங்கினான். கொல்கிற வேலை. எலியைக்கூட நசுக்காத எங்கள் ஜனத்துக்குக் கொல்கிற ஆள் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை கடவுளை வணங்கிய வாயாலேயே திங்கட்கிழமை தணிந்த குரலில் போன் செய்வார்கள். "குஸ்மா, பரண்ல என்னமோ ஓடுது. நாங்க புதன்கிழமை ஊர்ல இருக்கமாட்டோம். அப்ப வந்துட்டுப் போயிடேன்." வந்துவிட்டுப் போவான். அவர்கள் திரும்பி வந்து ஜன்னலைத் திறந்து வைத்து, முட்டைக்கோஸ் சூப் குடித்துவிட்டுத் தூங்குவார்கள்.

எலிகளைப் பீப்பாயில் முக்கினான். குளவிக் கூடுகளைக் கொளுத்தினான். வௌவால்களுக்கு அவனிடம் மூன்று வழி இருந்தது. ஒன்றிரண்டு என்றால் பாட்மிண்டன் மட்டை. இருபது முப்பது என்றால் பெரிய உறிஞ்சு குழாய். நூற்றுக்கணக்கில் என்றால் நுரை. டப்பாவிலிருந்து மஞ்சளாகப் பீய்ச்சி அடித்தால் உப்பி இறுகிவிடும் நுரை. ஜூன் மாதம் தாய் வௌவால்கள் குட்டியோடு உள்ளே தொங்கும்போது, பட்டப்பகலில் எல்லா இடுக்கையும் அடைத்துவிடுவான்.

மரவாடி மேலாளர் வீட்டை அப்படித்தான் அடைத்தான். மூன்று நாள் கூரைக்குள் பிறாண்டும் சத்தம். மேலாளரின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். நான்காம் நாள் சத்தம் நின்றது. குஸ்மா திறந்து பார்த்தான். நுரையைக் கடித்துக் கடித்து வாய் கிழிந்த தாய்கள், நகம் பிய்ந்த விரல்கள், தாயின் மார்பைக் கவ்வியபடியே செத்த குட்டிகள். பதினொரு சாக்கு. என் வீட்டு மேஜையில் சூப் குடித்தபடி இதைச் சொன்னான். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சாப்புடு லுஷா, ஆறிடும்."

கிண்ணத்தை அவன் தலைக்கு மேலே சுவரில் எறிந்தேன். சுவரில் அந்தக் கறை எட்டு வருஷம் இருந்தது. அவன் துடைத்துக்கொண்டு, கறுப்புத் துணி அட்டை போட்ட நோட்டை எடுத்து எழுதினான்: யார் வீடு, எத்தனை, எப்படி. நாற்பது வருஷம் எழுதிய நோட்டு அது. தொழில் ஒழுங்கு என்பான். மறந்து போகக்கூடாது என்பதற்காகத்தான் எழுதினானோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரியில் ஒரு மதியம், நல்ல வெயில், சாலையெல்லாம் பனி. கண்ணாடியில் ஏதோ பட்டென்று அடித்தது. பிள்ளைகள் கத்தினார்கள். இன்னொன்று அடித்தது. வௌவால்கள். குளிர்காலம் முழுக்கச் சுரங்கத்துக்குள் தூங்க வேண்டியவை பட்டப்பகலில் பனிமேல் பறந்துகொண்டிருந்தன. ஒன்றை என் கையுறையில் எடுத்துக்கொண்டு போய் குஸ்மாவிடம் காட்டினேன். அதன் மூக்கில் மாவு பூசியதுபோல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சிறகில் ஓட்டைகள்.

ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என் வேலை இல்ல," என்றான்.

மறுநாள் பழைய ஈயச் சுரங்கத்தின் வாய்க்கு இருவரும் நடந்து போனோம். அங்கே பார்த்ததை எழுதத்தான் வேண்டும். பனிமேல் வௌவால்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அண்டங்காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்றன. வயிற்றைத் தின்றுவிட்டுச் சிறகை விட்டுவிடும். சிறகு மட்டும் அசைந்துகொண்டிருக்கும் உடல்கள். குஸ்மா காக்கைகளை விரட்டிவிட்டுப் பாதி உயிரோடு கிடந்தவற்றைப் பூட்ஸ் குதிகாலால் ஒரே மிதியில் முடிக்க ஆரம்பித்தான். அதுதான் அவனுக்குத் தெரிந்த இரக்கம். எண்பதுக்கு மேல் முடியவில்லை. பனியில் உட்கார்ந்துவிட்டான்.

"நாப்பது வருஷமா நான் கொல்றேன் லுஷா. என்னைவிடப் பொறுமையா ஒருத்தன் கொல்றான்."

அழுதான். அப்பாவைப் புதைத்தபோது அழாதவன். எனக்கு அவனைத் தொட்டு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. பதினொரு சாக்கு நினைவுக்கு வந்தது. நன்றாக அழு என்று நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் மாதம் கடற்கரைப் பக்கத்திலிருந்து மோர்வென் என்ற பெண் வந்தாள். வௌவால் படித்த டாக்டர். பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் பேசினாள், பன்னிரண்டு பேர் கேட்டோம். குளிரில் வளரும் ஒரு பூஞ்சை வௌவால்களின் மூக்கிலும் சிறகிலும் படர்கிறது, அரிப்பில் அவை தூக்கம் கலைந்து எழுகின்றன, எழுந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்துவிடும், பசியில் பனிக்குள் பறந்து சாகின்றன என்றாள். கோடைக்காலத்தில் தாய்கள் எந்தெந்தக் கூரையில் தங்குகின்றன என்று தெரிந்தால் ஏதாவது செய்யலாம், ஆனால் யாருக்கும் தெரியவில்லை என்றாள்.

கடைசி வரிசையிலிருந்து குஸ்மா எழுந்துபோய் அவள் முன்னால் கறுப்பு நோட்டை வைத்தான். அவள் ஆவலாகப் புரட்டினாள். ஐந்தாறு பக்கத்துக்குப் பிறகு அவள் விரல் நின்றது.

"இதெல்லாம்... நீங்க கொன்னதா?"

"ஆமா டாக்டரம்மா. இன்னும் கொல்லாதது கடைசிப் பக்கத்துல இருக்கு. அஞ்சு எடம்."

நோட்டை மூடி அவன் நெஞ்சில் எறிந்துவிட்டு வெளியே போனாள். வாகன நிறுத்தத்தில் நின்று இரண்டு சிகரெட் குடித்தாள். எனக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துவிட்டது. திரும்பி வந்து, தரையில் கிடந்த நோட்டைத் தானே குனிந்து எடுத்தாள். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க."

அவள் கொண்டுவந்திருந்தது ஒரு குளிர்ப்பெட்டி நிறைய டப்பாக்கள். வௌவாலின் சிறகிலேயே ஆயிரம் வகைப் பாக்டீரியா இயற்கையாகக் குடியிருக்கிறதாம். அவற்றில் சில இந்தப் பூஞ்சையைக் கண்டால் விடாதாம். இந்தப் பக்கத்து வௌவால்களின் சிறகைப் பஞ்சால் ஒற்றி, அந்தச் சண்டைக்காரப் பாக்டீரியாக்களை மட்டும் பிரித்து வளர்த்து, மெல்லிய களிமண் பொடியில் கலந்து வைத்திருந்தாள். தாய்கள் நுழைந்து வெளியேறும் இடுக்கில் பொடியைத் தூவினால் சிறகில் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் வௌவால் தூங்கும்போது அவை விழித்திருக்கும்.

"ரெக்கை மேல ஒரு சண்டை நடக்கும் குஸ்மா. நம்ம பக்கத்துக்குக் கொஞ்சம் ஆள் சேக்கிறோம், அவ்வளவுதான். இது மருந்து இல்ல, தொணை. எல்லாம் பொழைச்சிடும்னு நான் சொல்லமாட்டேன்."

"சண்டைன்னா எனக்குத் தெரியும்," என்றான் குஸ்மா. அவன் சிரித்து நான் பார்த்தது ரொம்ப நாள் கழித்து.

அவள் இரண்டு சட்டம் போட்டாள். ஒன்று, ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குப் போகும்போது பூட்ஸ், கையுறை, தூரிகை எல்லாவற்றையும் பிளீச்சில் முக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சையை நாமே சுமந்துபோய்க் கொடுத்துவிடுவோம். இரண்டு, பொடி உயிருள்ளது, வெயில் படக்கூடாது. மூன்றாவதாக ஒன்றை அவள் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று புத்தியுள்ள யாருக்கும் தோன்றாது.

ஐந்து இடங்களில் நான்கு, தொழுவமும் கொட்டகையும். ஐந்தாவது எங்கள் பிரார்த்தனைக் கூடத்தின் பரண். நானூறு தாய்கள் அங்கே கோடையைக் கழித்தன, பள்ளத்தாக்கிலேயே பெரிய கூட்டம். கூடத்துக்கு இப்போது தலைவன் கோல்யா. கோணிப்போன தாடையோடு, உள்ளே ஒரு இரும்புத் தகட்டோடு, அறுபத்தெட்டு வயது. நான்தான் போய்க் கேட்டேன்.

"மேல போகட்டும்," என்றான். "வெளி ஏணி வழியா. வாசப்படிய மிதிக்கக் கூடாது."

ஆக, நாற்பத்து மூன்று வருஷம் கழித்து என் அண்ணன் கூடத்துக்குள் நுழைந்தான், கூரை வழியாக. மே மாதம் ஒரு ஞாயிறு காலை இடுக்குகளைப் பார்த்து வைப்பதாகச் சொல்லிவிட்டு மேலே ஏறி, உத்தரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான். கீழே பாட்டு ஆரம்பித்தது. வாத்தியம் இல்லாமல் ஐம்பது குரல்கள் பாடும் பாட்டு. அப்பாவுக்குப் பாடாத பாட்டு.

"பலகை வழியா வயித்துக்குள்ள வந்துச்சு லுஷா," என்றான் அன்றைக்கு. 

அந்தக் கோடை முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வௌவால்கள் இரைக்குக் கிளம்பிய பிறகு ஏறிப் பொடி தூவினான். ஆகஸ்டில் மோர்வென் வந்து ஐந்து இடத்திலும் வௌவால் பிடித்துச் சிறகை ஒற்றி எடுத்துப் போனாள். அக்டோபரில் முடிவோடு வந்து என் சமையலறையில் உட்கார்ந்தாள். முகமே சரியில்லை.

"நாலு எடத்துல ரெக்கைல நம்ம பாக்டீரியா நல்லா இருக்கு. கூடத்துல மட்டும் ஒண்ணுகூட இல்ல. எல்லாம் செத்த பொடி. அங்க மட்டும் வேற மாதிரி என்ன பண்ணீங்க?"

"கழுவினேன்," என்றான் குஸ்மா. குரலில் பெருமை.

"எதை?"

"பலகைய. இடுக்கை. ஒவ்வொரு தடவையும், பொடி போடறதுக்கு முன்னாடி. பிளீச் வச்சு நல்லா தேச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கூடத்துக்குள் அழுக்கோடு யாரும் போகமாட்டார்கள். ஜூன் கடைசியில் வரும் பீட்டர் நாள் பண்டிகைக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் வந்து, தரையிலிருந்து விட்டம் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். அது முறை. இருபத்து மூன்று வயதுக்குப் பிறகு அவன் முறை வரவேயில்லை. தொழுவத்திலும் கொட்டகையிலும் அவன் சும்மா பொடி தூவிவிட்டு இறங்கினான். கூடத்தில் மட்டும் தன் பங்கைக் கழுவினான். கழுவ அவனுக்குத் தெரிந்தது பூச்சிக்காரனின் பிளீச் ஒன்றுதான்.

மோர்வென் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "குஸ்மா, பொடில அதுங்க உயிரோட இருந்துச்சு. நீங்க அத்தனையும் கொன்னுட்டீங்க."

அவன் எழுந்து என் அலமாரிக் கதவில் குத்தினான். கை மறுபக்கம் போய்விட்டது. மரச் சிராய் மணிக்கட்டைக் கிழித்து ரத்தம் சொட்டியது. கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்று கேட்டான்: "இப்ப போய்ப் போட முடியுமா?"

"சுரங்கத்துக்குள்ள போயிடுச்சுங்க. இப்ப உள்ள போனா முழிச்சிக்கும். முழிச்சாலே சாகும்."

அந்தக் குளிர்காலம் அவன் சுரங்க வாயிலேயே கிடந்தான். பெட்டி அடுப்பு, பிக்கப் வண்டி, ஒரு மண்வெட்டி. ஜனவரியிலேயே வெளிவர ஆரம்பித்தன. வெள்ளை மூக்கோடு வெளிவருவதைக் காக்கைகளிடமிருந்து காப்பாற்றி என்ன பயன், மாலைக்குள் செத்துவிடும். இருந்தாலும் காக்கைகளை மண்வெட்டியால் அடித்தான். ஒன்றை அதன் தலை பனியோடு தட்டையாகும் வரை அடித்தான். பிறகு அதையும் புதைத்தான். நான் சாப்பாடு கொண்டுபோனபோது நோட்டைக் காட்டினான். கூடம் என்று தலைப்பு, எண்கள், 'எப்படி' என்ற இடத்தில் 'கழுவி' என்று எழுதியிருந்தான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. கூடத்துப் பெண்கள் மறுநாளுக்காக மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். கோல்யா கூரைக்குப் புதுத் தகரம் அடிக்கும் வேலையை முடித்திருந்தான். வண்டியை நிறுத்திவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பினால், கூரை முகட்டின் கீழே மஞ்சளாக ஏதோ உப்பிக்கொண்டு நிற்கிறது. நுரை. குஸ்மா ஏற்கெனவே ஏணியில் இருந்தான், கையில் கடப்பாரை. கோல்யா கீழே சுத்தியலோடு நின்றான்.

"எறங்குடா."

"இந்த இடுக்கை வெட்டிட்டு எறங்கறேன்."

"உள்ள ஒண்ணும் இல்ல. நான் யாரையும் கொல்லல. நாப்பது வருஷமா ரொட்டி மேஜைல புழுக்கை விழுது, அடைச்சேன்."

"அடுத்த மாசம் வரும் கோல்யா. வயித்துல குட்டியோட, கொழுப்பில்லாம, இந்தக் குளிர்ல வரும். கதவு சாத்தியிருந்தா எங்க போகும்?"

"வர்றதுக்கு யாரு இருக்கா? நீதான் கழுவியே கொன்னுட்டியே! உன் கை பட்டது எதுடா பொழைச்சிருக்கு? உங்கப்பன் கையும் அதே கைதான்."

குஸ்மா இறங்கினான். இறங்கினான் என்பதைவிடக் குதித்தான் என்பதுதான் சரி. இடது கை கோல்யாவின் தாடையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியது. வலது கை பின்னால் போனது. திரும்பவும் அதே வாசல், அதே இருவர்.  அவன் கட்டைவிரலுக்குக் கீழே அந்த இரும்புத் தகடு தட்டுப்பட்டதாம், பின்னால் சொன்னான். தோலுக்கு அடியில் குளிர்ந்து கிடந்ததாம். கையை எடுத்தான். திரும்பி ஏணியில் ஏறினான்.

அவன் அடித்திருந்தால் கோல்யா தாங்கியிருப்பான். அடிக்காமல் முதுகைக் காட்டியதைத் தாங்க முடியவில்லை. ஏணியை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தான். பதினைந்தடி உயரத்திலிருந்து என் அண்ணன் இறுகிய பனியில் விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எழுவதற்குள் கோல்யா அவன்மேல் ஏறி உட்கார்ந்து சுத்தியலால் அடித்தான். தோளில் ஒன்று. விலாவில் ஒன்று. முகத்தில் ஒன்று. ஆயுதம் தொடாத ஜனத்தின் தலைவன். குஸ்மா கையைத் தூக்கவே இல்லை.

"அடி," என்றான், வாயில் ரத்தத்தோடு. "அடிச்சு முடி. முடிச்சிட்டு அந்த இடுக்கைத் தொற."

நான்காவது அடி இடது கண்ணில் விழுந்தது. நான் ஓடிப்போய்க் கோல்யாவின் முடியைப் பிடித்து இழுத்து, காதைக் கடித்தேன். எனக்கு வெட்கமில்லை. மாவு ஒட்டிய கைகளோடு வாசலில் எட்டுப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தியும் அசையவில்லை. நாற்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் நின்றார்கள். அவர்களை அன்று நான் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுதினால் அச்சுக்காரர் போடமாட்டார்.

கோல்யா சுத்தியலைப் பார்த்தான். எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்தான், தன் பற்கள் விழுந்த அதே படியில். வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து ஏணியைத் தூக்கி நிறுத்தினான். மேலே ஏறி, சுத்தியலின் கொக்கியால் நுரையைப் பிய்க்க ஆரம்பித்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. மஞ்சள் துண்டுகள் எங்கள் மேல் விழுந்தன. நான் என் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன்.

"எடது பக்கம் இன்னும் இருக்கு," என்றான் குஸ்மா, ஒரு கண்ணால் மேலே பார்த்தபடி.

"தெரியுதுடா, பேசாம கெட," என்று மேலிருந்து குரல் வந்தது.

போலீஸ் வந்து கேட்டபோது ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றான். முழுப் பொய் இல்லை. கண் போய்விட்டது. இடது கையை இன்றுவரை காது வரை தூக்க வராது.

மே மாதம் கூடத்துக்குத் திரும்பி வந்தவை முப்பத்தேழு. நானூறு போன இடத்திலிருந்து முப்பத்தேழு. பொடி ஒட்டிய நாலு இடத்திலும் சாவு இருந்தது, ஆனால் பாதிக்குமேல் திரும்பியிருந்தன. அந்தக் கணக்கை மோர்வென் சொன்னபோது குஸ்மா தலையை மட்டும் ஆட்டினான். கழுவாமல் விட்டிருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றைக் கண்ணுக்கு ஏணியின் படி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று தெரியாது. யாராவது பிடித்துக்கொண்டு, கால் வைக்கச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிடித்தவன் கோல்யா. யாரும் அவனைக் கேட்கவில்லை. முதல் நாள் அவனே வந்து ஏணியின் அடியில் நின்றான். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, வேண்டுமானால் இன்னொரு காதையும் கடிக்கத் தயாராக, பக்கத்தில் நின்றேன்.

"கை கழுவினியா?" என்றான் கோல்யா.

"கழுவல."

"பலகைய?"

"தொடமாட்டேன்."

"அப்ப ஏறு. வலது கால். இன்னும் மேல. குருட்டுப் பயலே, இன்னும் மேல."

அந்த வருஷம் பீட்டர் நாளுக்குக் கூடத்தைக் கழுவியபோது பரணை மட்டும் கழுவக் கூடாதென்று கோல்யா உத்தரவு போட்டான். ஒரு பெண் அது அழுக்கு என்று முணுமுணுத்தாள். "அழுக்கு இல்ல, ஆளுங்க இருக்காங்க," என்றான். ஒரு ஞாயிறு, வாசல் வழியாகவே உள்ளே வா என்று குஸ்மாவைக் கூப்பிட்டும் பார்த்தான். குஸ்மா போகவில்லை. "எனக்கு மேல நல்லா கேக்குது," என்றான். அது கோபமா, நிஜமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

ஆகஸ்டில் குட்டிகளோடு சேர்த்து அறுபத்தொன்று. சிறகை ஒற்றிய பஞ்சில் இந்த முறை சண்டைக்காரர்கள் இருந்தார்கள் என்று மோர்வென் போனில் சொன்னாள். குளிர்காலம் வந்தது. குஸ்மா சுரங்க வாய்க்குப் போகவில்லை, போகக்கூடாதென்று நான் வண்டிச் சாவியை எடுத்து ஒளித்துவைத்தேன். அவன் என் வீட்டு ஜன்னலிலேயே உட்கார்ந்து, பகலில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காக்கை தாழப் பறந்தாலும் எழுந்து நிற்பான்.

இந்த மே மாதம் கடைசி சனிக்கிழமை, சூரியன் மலைக்குப் பின்னால் போன நேரம், கூடத்துக்கு எதிரே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். குஸ்மாவின் ஒற்றைக் கண் அந்த வெளிச்சத்தில் எதையும் பிடிக்காது. இடுக்கிலிருந்து வௌவால்கள் வெளியே வரவரக் கோல்யாதான் எண்ணினான், வாய்விட்டு, ஒவ்வொன்றாக. இருபதைத் தாண்டியது. முப்பத்தேழைத் தாண்டியபோது கோல்யாவின் குரல் ஏறியது. நாற்பத்தைந்து. ஐம்பது. அப்புறம் கொஞ்சம் இடைவெளி, கடைசியாக இரண்டு சேர்ந்து வந்தன.

"அம்பத்திரண்டு!" கோல்யா எழுந்துவிட்டான். "டேய் குஸ்மா, அறுபத்தொண்ணுல அம்பத்திரண்டு! கேட்டுச்சா? முந்தின வருஷம் நானூறுக்கு முப்பத்தேழுடா!"

என் கண்ணில் தண்ணீர் வந்தது. மறைக்கவில்லை. குஸ்மா அசையவில்லை. ஆயிரக்கணக்கில் கொன்று எழுதி வைத்தவன் கூடத்தின் முகட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மிச்சம் ஒம்போது?" என்றான்.

"ஆம்பளைக் குட்டிங்க பொறந்த எடத்துக்குத் திரும்பாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா. வேற எங்கயாவது போயிருக்கும்."

"மிச்சம் ஒம்போது எங்கடா, கோல்யா?"

 கோல்யா திரும்ப அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடுக்கைப் பார்க்க ஆரம்பித்தான்.